எழுத்துக்கும் நிழல் உண்டு



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படத்தின் பெயர் திரையில் விழுந்ததுமே இது பக்திப் படமா, மர்மப் படமா என்று சொல்லிவிடுவார்கள். எழுத்துக்கு அத்தனை சக்தி!

1940களில் அமெரிக்காவில் குற்றமும் துரோகமும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல வந்தன. 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அவற்றை 'பிலிம் நுவார்' என்றனர். நுவார் என்றால் கறுப்பு. 1944இல் வெளிவந்த 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தின் தொடக்கத்தில், ஊன்றுகோல்களுடன் ஒருவனின் நிழலுருவம் நம்மை நோக்கி நடந்து வரும். அதன்மேல் பெயர்கள் விழும். கதையின் முடிச்சே அந்த நிழலில்தான். தமிழிலும் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாட்டே இல்லாமல் ஒளியையும் நிழலையும் நம்பி வந்த படம்.

அன்று தூரிகையால் எழுதிப் படம் பிடித்தார்கள். இன்று கணினி போதும். 1996இல் வெளிவந்த 'கிம்ப்' என்னும் மென்பொருள் இலவசம். ஒரு காசு செலவில்லை. செய்முறை இதுதான்:

1. இரவில் சுவரோரம் ஒரு பால் வாளியை வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் லைட் அடித்துப் படம் எடுங்கள். கிம்பில் திறந்து நிறத்தை நீக்கிவிடுங்கள்.

2. தடித்த யூனிகோட் தமிழ் எழுத்துருவில் தலைப்பை வெள்ளையாக எழுதுங்கள். முழுக் கறுப்பின்மேல் நிழல் தெரியாது. சாம்பல் நிறச் சுவர்ப் பகுதியே எழுத்துக்கு ஏற்ற இடம்.

3. எழுத்து லேயரைப் பிரதி எடுத்துக் கறுப்பாக்கி, வெள்ளை எழுத்துக்குக் கீழே வையுங்கள். வாளியின் நிழல் விழும் பக்கமே அதையும் சற்று நகர்த்தி, 'பிளர்' கொடுத்து மங்கலாக்குங்கள். வாளிக்கு ஒரு பக்கம், எழுத்துக்கு வேறு பக்கம் நிழல் விழுந்தால் கண் நம்பாது.

4. கடைசியில் எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, 'நாய்ஸ்' கொஞ்சம் தூவுங்கள். பழைய பிலிமின் மணல் மணலான தோற்றம் வந்துவிடும்.

ஆங்கில எழுத்துக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. நம் புள்ளி சிறியது. வெள்ளை எழுத்தையே மங்கலாக்கினால் புள்ளி கரைந்து, 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஆகவே நிழலை மட்டும் மங்கலாக்குங்கள். முடித்ததும் நாலடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

தலைப்புக்குக் கதை வேண்டுமே? பாட்டியிடம் கேளுங்கள். வீடமைப்புக்காக அழிக்கப்பட்ட தோட்டங்கள் எத்தனை! அங்கே நடந்த கதைகளும் பால்மரத்தோடு சாய்ந்துவிடக் கூடாது. ஒரு கதையைக் கேட்டு எழுதி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தலைப்பாக வையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கணினிமுன் உட்கார்ந்தாலே விளையாட்டு என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "நிழல் எந்தப் பக்கம் விழுது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அதுவும் படிப்புத்தான்.