ஒதுக்கின் மறுபக்கத்தையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு இத்தனை பில்லியன் டொலரை எட்டிவிட்டது என்று மாதந்தோறும் வரும் செய்திகளில், அந்தத் தொகையிலிருந்து அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டாயம் வெளியேற வேண்டிய பணம் எவ்வளவு என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டு மக்கள் வரவிருந்த ஆபத்தை அறியாமற்போனதற்கு இதே வழக்கம் ஒரு பெரிய காரணமாக இருந்தும் அது இன்றுவரை திருந்தவில்லை என்பது கடும் கண்டனத்துக்குரியது.

ஒதுக்கு என்பது மத்திய வங்கியின் கைவசமுள்ள வெளிநாட்டு நாணயம், தங்கம், சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பனவு உரிமைகள் முதலியவற்றின் கூட்டுத்தொகையாகும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை இத்தொகை காட்டுமே தவிர, அதில் எவ்வளவு பிறருக்குக் கொடுபட வேண்டியது என்பதைக் காட்டாது. 1997இல் 30 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கு வைத்திருந்த தாய்லாந்தின் மத்திய வங்கி, தன் நாணயமான பாத்தைத் தாங்கிப்பிடிப்பதற்காக, குறித்த நாளில் டொலர் தருவதாக முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் 23 பில்லியன் டொலருக்கு மேல் கட்டுண்டிருந்தது. பாத் சரிந்த பின்னரே அந்த உண்மை வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்த அனுபவத்தின் பின்னர் நாணய நிதியம் வகுத்த ஒதுக்குத் தரவுப் படிவத்தின் முதற்பகுதி கையிருப்பைக் காட்ட, இரண்டாம் பகுதி 'முன்னரே தீர்மானிக்கப்பட்ட குறுங்கால வெளிப்பாய்ச்சல்களை', அதாவது நாள் குறிக்கப்பட்டுவிட்ட கடன் தவணைகள், வட்டி, நாணயப் பரிமாற்றல் கடப்பாடுகள் ஆகியவற்றை, ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், ஓராண்டுக்குள் என மூன்று நிரல்களில் கழித்தற்குறியுடன் காட்டுகிறது. இலங்கையும் இப்படிவத்தை வெளியிடுகிறது என்றாலும், மேடைகளில் உரக்க வாசிக்கப்படுவது முதற்பகுதியின் முதல் வரி மட்டுமே.

2021 நவம்பர் இறுதியில் ஏறத்தாழ 1.6 பில்லியன் டொலராகச் சுருங்கியிருந்த ஒதுக்கு, டிசம்பர் முடிவில் 3.1 பில்லியனாக உயர்ந்துவிட்டதாக மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ரால் அறிவித்தார். அந்த உயர்வின் பெரும்பகுதி சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடனான 10 பில்லியன் யுவான் நாணயப் பரிமாற்றல் வசதியாகும்; ஒதுக்கு மூன்று மாத இறக்குமதிச் செலவுக்குப் போதுமான அளவில் இருந்தாலன்றி அதைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் நிபந்தனை. மாதமொன்றுக்கு ஒன்றரை பில்லியனுக்கும் அதிகமாக இறக்குமதி செய்த நாட்டுக்கு 3.1 பில்லியன் இரண்டு மாதத்துக்கே காணும் என்பதால், தேவை மிகுந்த அந்த வேளையிலேயே அப்பணம் பூட்டப்பட்டிருந்தது. எஞ்சியதிலிருந்து 2022 ஜனவரி 18இல் முதிர்ந்த பன்னாட்டு முறிக்கென 500 மில்லியன் டொலர் செலுத்தப்பட்டது. ஜூலையில் மேலும் ஒரு பில்லியன் காத்திருந்தது. அவ்வாண்டில் நாடு வெளியே செலுத்த வேண்டிய கடனும் வட்டியும் ஏறத்தாழ 7 பில்லியன். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்துகை இடைநிறுத்தப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதி அமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் கூறினார். நாட்டை ஒரு வாரங்கூட நடத்தப் போதாத தொகை அது.

இந்தக் கணக்கின் விலையைச் செலுத்தியவர்கள், வெறும் எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் விட்டுக் காவலிருந்தவர்களும், மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகைக் கரையில் ஏற்றிவைத்த மீனவர்களும், காகிதம் இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போன மாணவர்களுமே ஆவர். எரிபொருள் வரிசைகளில் நின்றபடியே உயிர் துறந்தவர்களும் உண்டு. ஒதுக்குத் தரவுப் படிவத்தின் இரண்டாம் பகுதி எண்களை மக்கள் முன்கூட்டியே அறிந்திருந்தால், ஜனவரித் தவணையைச் செலுத்துவதா, அந்தப் பணத்தை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொள்வதா என்ற விவாதம் பொருளியலாளர்கள் சிலரோடு நின்றிருக்காது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எண்களை அறிவிக்கும் வழக்கத்தை அத்தீர்ப்பும் மாற்றவில்லை.

2024 இறுதியில் ஒதுக்கு 6.1 பில்லியன் டொலராக இருந்தது. அதிலும் ஏறத்தாழ 1.4 பில்லியன் அதே சீனப் பரிமாற்றல் வசதியே என்பதையும், அதன் பயன்பாடு நிபந்தனைக்குட்பட்டது என்பதையும் மத்திய வங்கி தன் அறிக்கையில் ஒரு வரியாகக் குறிப்பிடுகிறது. அது வரவேற்கத்தக்க நேர்மையே. எனினும் அந்த வரி அமைச்சர்களின் உரைக்கோ பத்திரிகைத் தலைப்புக்கோ வந்து சேர்வதில்லை. மறுசீரமைக்கப்பட்ட இருதரப்புக் கடன்களின் முதற்பணம் 2028 முதல் செலுத்தப்பட வேண்டியிருப்பதால், கழித்தற்குறியுடைய நிரல்கள் இனித்தான் கனக்கப்போகின்றன.

எனவே ஒதுக்கு நிலவரம் அறிவிக்கப்படும்போதெல்லாம், அதில் பயன்படுத்த முடியாத தொகையையும் ஓராண்டுக்குள் வெளியேற வேண்டிய தொகையையும் அதே அறிவிப்பில், அதே அளவு எழுத்தில், மும்மொழிகளிலும் வெளியிடுவதை நாடாளுமன்றம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை காத்திராமல், அடுத்த மாத ஒதுக்குச் செய்தியிலிருந்தே அவ்விரு எண்களையும் சேர்த்து அச்சிடுமாறு தங்கள் பத்திரிகை வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்