விருப்பக்குறிக்கு விலை உண்டா?

கொல்கத்தாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் மோகன் பகான் கால்பந்து அணியின் தீவிர ரசிகர். அண்மையில் அவர் எனக்கு ஒரு பழைய காணொலியை அனுப்பியிருந்தார். பச்சை, அரக்கு நிறச் சீருடையில் ஒரு ஜப்பானிய வீரர் பந்தோடு விரைகிறார். பெயர் கட்சுமி யூசா. "ஜப்பானில் இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "அங்கே தெரியாவிட்டால் என்ன ஐயா, இங்கே தெரியாதவர் உண்டா?" என்றார்.

யூசா ஜப்பானின் தேசிய அணிக்காக ஒருமுறையும் ஆடியதில்லை. ஆனால், 2013 முதல் 2017 வரை மோகன் பகானின் நடுக்களத்தைத் தாங்கியவர். 13 ஆண்டுகள் காத்திருந்த அந்த அணி 2015-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றபோது அவரும் அதில் இருந்தார். பின்னர் பரம வைரியான ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். 2019-20 பருவத்தில் கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி அணிக்கும் ஆடினார்.

இத்தகைய புகழ் எப்படி உருவாகிறது? 1993-இல் பத்து அணிகளோடு தொடங்கிய ஜப்பானின் ஜே-லீக்கில் இன்று மூன்று நிலைகளில் 60 அணிகள் உள்ளன. அங்கே திறமை மிகுதி, வாய்ப்பு குறைவு. இந்திய அணிகளோ அயல்நாட்டு வீரர்களுள் ஓர் ஆசியரைச் சேர்க்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டிருந்தன. மிகுதியாக உள்ள இடத்திலிருந்து அருமையாக உள்ள இடத்துக்குத் திறமை நகர்ந்தது. புகழ் என்பது திறமையின் அளவு மட்டுமன்று, பலர் ஒருவரைப் பற்றியே பேசிக்கொள்வதாலும் அது வளர்கிறது என்று 1985-இல் விளக்கினார் பொருளியலாளர் மோஷே ஆட்லர். அந்தப் பேச்சை இணையம் செலவில்லாததாக்கிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. விருப்பம் வேறு, தேவை வேறு என்பது பொருளியலின் முதல் பாடம். விலை கொடுக்கும் ஆற்றலும் மனமும் சேர்ந்தால்தான் விருப்பம் தேவையாகும். விருப்பக்குறி இடுவதற்குக் காசு வேண்டியதில்லை; ஆகவே, அது விலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இதற்கு அண்மைச் சான்று உண்டு. இந்திய கால்பந்தின் வணிக உரிமைக்கான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுற இருந்தது. ஐஎஸ்எல் போட்டிக்கான புதிய உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட முன்வந்திருக்கவில்லை. இணையத்தில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் அணிகளைக் கொண்ட போட்டியின் நிலை இது. வழக்கமான காலத்தில் பருவம் தொடங்காததால் வீரர்களின் ஊதியமும் கேள்விக்குறியானது.

ரசிகர்களின் அன்பு பொய்யன்று. ஆனால், அந்த அன்பிலிருந்து எழும் விளம்பர வருவாயில் பெரும்பகுதி சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போய்ச் சேருகிறது. ஆடியவருக்குக் கிடைப்பது ஒப்பந்தக் கால ஊதியம் மட்டுமே. முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற வேண்டிய தொழிலில் இது சிறிய இழப்பன்று.

வீரரின் பெயராலும் படத்தாலும் வரும் வருவாயில் அவருக்கும் பங்கு உண்டென ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பின்தொடர்வோரைக் கட்டணம் செலுத்தும் உறுப்பினராக்க அணிகள் முயல வேண்டும். என் மாணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கடைசியாக எப்போது சீட்டு வாங்கி மைதானத்துக்குப் போனீர்கள்?" அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.