இடிங்க சார்... திரும்ப எப்போ விடுவீங்க?

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் மண் சுவர் இடிந்தால், மண்ணைக் குழைத்து அதே இடத்தில் எழுப்பிக்கொள்வார்கள். பிழைப்பு தேடிப் பட்டணம் போய் வாரிய வீட்டில் இருப்பவர் பாடு அப்படியில்லை.

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. 27-12-2021 அன்று ஒரு பகுதி மளமளவென்று சரிந்தது. 24 வீடுகள் தரைமட்டம்! விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அரசு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தது.

பீரோ, கட்டிலுக்கு அது ஈடாகலாம். இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். கரண்ட் போனால் மொத்தப் பிள்ளைகளும் மாடிப்படியில். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓட்டம். அம்மா வேலைக்குப் போனால் எதிர்வீட்டு அக்காதான் சோறு போடும். இதெல்லாம் எந்த ஃபைலில் ஏறும்?

பழைய கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தலையில் விழும்வரை சும்மா இருக்க முடியுமா? ஆனால் புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் இடித்துக் கட்டிய புது அடுக்குமாடியில், 2021-ல் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்த கூத்தையும் ஊரே பார்த்தது.

அதனால் கடப்பாரை எடுக்கும் முன்பே, 'இதே இடத்தில், இந்தத் தேதிக்குள் உனக்கு வீடு' என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எதிர்வீட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட்டால், பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையன் காலையில் எத்தனை பஸ் மாறுவான்?