மருந்து வயலிலே, ஆலை எங்கே?

“ஒரு வாய் தின்றாற் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது?”

சென்ற ஆவணியில் உறவினர் வீடொன்றில், சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் நிறைந்த தட்டை நீட்டியபடி மூதாட்டி ஒருவர் இவ்வாறு கேட்டார். அன்பினாற் கேட்டார், அதிற் குற்றமில்லை. என் ஒன்பது வயதுப் பேர்த்தியோ இரு கைகளையும் பின்னே கட்டிக்கொண்டு, “எனக்குக் கோதுமை கூடாது, ஆச்சி” என்றாள். பனம்பழம் நம் மண்ணின் கனி. அதனோடு சேர்த்துப் பிசைந்த மா கப்பலேறி வந்த கோதுமை மா.

அரசியல் பேசும் பத்திரிகையில் அடுக்களை விவகாரம் எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அடுக்களைக்குள் எந்த மா நுழைகிறது, எந்த மொழியில் எழுதிய பொதியில் அது வருகிறது, அதனை அரைக்கும் ஆலை எவருடையது என்பனவெல்லாம் அரசியல் ஆகாவெனின், அரசியல் என்பதுதான் யாது?

என் பேர்த்திக்கு உள்ள நோயை வைத்தியர்கள் சீலியக் நோய் என்பர். கோதுமையிலும் பார்லியிலும் மேல்நாட்டு றை தானியத்திலும் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் குடலை அடைந்ததும், உடலின் காவற்படை மயங்கித் தன் குடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்கெனச் சிறுகுடலின் உட்சுவரில் நெருங்கி நிற்கும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்பது உடலிற் சேர்வதில்லை. வயிற்றோட்டம், வயிறு ஊதல், வளர்ச்சி குன்றல், எலும்பு மெலிதல் எனப் பல முகங்காட்டும் இந்நோய், சிலரிடத்தில் வயிற்றுக் குறி எதுவுமின்றி, தீராத இரத்தச்சோகையாக மட்டும் நிற்பதும் உண்டு. தொற்றும் நோயன்று, பரம்பரை வழி வரும் தன்மையது. நோயாளரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரிற் பத்திலொருவர் வரையில் இது இருக்கக்கூடும். இதற்குள்ள சிகிச்சை ஒன்றே: ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்கி உண்ணல்.

இதனை நாம் அறிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் சென்றன. பூச்சிக்குளிசை கொடுத்தோம். இரும்புச்சத்துப் பாணி போத்தல் போத்தலாகக் கொடுத்தோம். கண்ணூறு கழித்தோம். பிள்ளை சோர்ந்தபோதெல்லாம், நோயாளிக்கு நல்லதென்று பார்லிக் கஞ்சி காய்ச்சிப் பருக்கியவன் அடியேனே! பார்லியும் அவளுக்கு நஞ்சென்று அப்போது எவர் அறிவார்? வைத்தியசாலையில், “சரியாகச் சாப்பாடு கொடுங்கள்” என்று என் மகளைக் கடிந்துகொண்டனர். அன்றிரவு அவள் அழுததை நான் மறக்கவில்லை.

ஆயினும் வைத்தியரை மட்டும் நோவது நீதியன்று. இந்நோய் நம் பகுதிகளில் அரிதென்றே அவர்கள் கற்றிருக்கின்றனர். அது பொய்யுமன்று. இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தப்பெற்று 2016 இல் வெளியான ஆய்வொன்று, வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் காணப்பட்ட இந்நோய், தெற்கே வேலூர்ப் பகுதியிற் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவிலேயே இருந்ததெனக் கண்டது. ஆனால், நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இருந்தது. வேறுபட்டது உண்ட கோதுமையின் அளவு. வடக்கே நாளொன்றுக்கு நானூறு கிராமுக்கு மேல். தெற்கே இருபத்தைந்து கிராம் அளவு. அரிசியுண்ணும் மக்களிடம் நோய் வெளிப்படாமற் கிடந்தது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது. அவ்வரிசியுண்ணும் மக்கள் காலையிற் பாணும், இரவிற் கோதுமைமாப் பிட்டும், இடையிற் ‘பிஸ்கற்றும்’ உண்ணத் தொடங்கினால்?

பழைய ஆங்கில வைத்திய நூல்கள், சத்தை உறிஞ்சவொட்டாத வெப்பநாட்டுக் குடல்நோயொன்றுக்கு ‘இலங்கை வாய்ப்புண்’ என்றே பெயரிட்டிருந்தன. அதற்கும் இதற்கும் குறிகள் ஒத்தவை. நம்மவர் வயிறு கெட்டால் அதுவோ பூச்சியோ என்று எண்ணுவது வைத்திய உலகின் நெடுநாட் பழக்கம்.

இந்நோயின் வரலாற்றில் நம்மவர் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. 1888 இல் இதனைத் தெளிவாக விபரித்த லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ, உணவினாலன்றி இது குணமாகாதென்று கூறினாராயினும், எவ்வுணவு பகை என்பதை அறியார். விடை ஒல்லாந்தில் பஞ்சத்தின் நடுவே கிடைத்தது. வில்லம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர் 1930 களிலேயே கோதுமையை ஐயுற்றிருந்தார். 1944–45 பனிக்காலத்தில், ஜேர்மன் படைகளின் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்தில் பாண் அற்றுப்போயிற்று. ஊரெல்லாம் பசியால் மெலிய, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் திரும்பியபோது நோயும் திரும்பிற்று. 1950 இல் தம் முடிவை ஆய்வேடாக அவர் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

அதே போரின் மறுகோடியில் நாம் இருந்தோம். 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, இலங்கை நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. அங்கே கோதுமை அகன்று நோயின் மூலம் தெரியவந்த காலமும், இங்கே கோதுமை அடுப்பங்கரையிற் குடியேறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. பின்னர் மானிய விலையில் வந்தது. அந்நிய உதவியாக வந்தது. 1980 இல் திருகோணமலையிற் பெரும் மா ஆலையே இயங்கத் தொடங்கிற்று. ஒரு மணி கோதுமையும் விளைவிக்காத நாட்டில் இத்தனையும் நடந்தேறின. போர்க்காலத்தில் நிவாரணப் பொதியிலும், 2009 இல் வவுனியா முகாம்களிலும் அரிசியோடு கோதுமை மாவும் பங்கிடப்பட்டது. பசித்தவர்க்கு அது உயிர் காத்தது. அதனை இகழ்வது நன்றிகேடு. ஆயினும் இந்நோயுள்ள குழந்தையொன்று அவ்வரிசையில் நின்றிருப்பின், அதன் தாய் யாரிடஞ் சென்று என்னவென்று முறையிட்டிருப்பாள்?

இனி, வீட்டுக்குள் வருவோம். சோறும் கறியும் உண்ணும் யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கோதுமையை விலக்குதல் எளிதென்றே நாமும் எண்ணினோம். எத்துணைப் பேதைமை! நம் தோசையிலே உழுந்தோடு கோதுமை மா. இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா. கொழுக்கட்டையிலும் வறுத்த அரிசிமாவோடு ஒரு பங்கு கோதுமை மா. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதைப் படித்தவர் பலர்தாமும் அறியார். கோயிலில் ஒரு கரண்டி சேமியாப் பாயசம் வாங்கவும் வழியில்லை. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருக்கிறது. மால்ற் சேர்ந்த பானங்களில் பார்லி இருக்கிறது. கத்தோலிக்க அன்பர்களுக்கோ நற்கருணை அப்பமே இடரானது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை 2003 இல் ஏற்றுக்கொண்ட வத்திக்கான், அதனை முற்றாக நீக்கிய அப்பம் செல்லாதென்று 2017 இலும் வலியுறுத்திற்று.

விலக்கவேண்டிய அளவோ மிக நுண்ணியது. பாண் துண்டொன்றிற் சுமார் இரண்டு கிராம் குளூட்டன் உண்டு. நோயாளர் பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலமென்பர். அஃதாவது, அத்துண்டை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறு! ஆகவே “ஒரு வாய்” என்பது சிறிதன்று. அரிதட்டின் கண்களில் ஒட்டிய மா போதும். நீற்றுப்பெட்டியின் ஓலைப் பின்னலுக்குள் ஒளிந்திருக்கும் மா போதும். எங்கள் வீட்டு நீற்றுப்பெட்டி என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவற்றுள் எஞ்சியது. மூன்று முறை அவித்துக் கழுவிப் பார்த்தாள். ஈற்றில் அதனை அடுப்பில் இட்டாள். பிள்ளைக்கென வேறு சட்டி, வேறு அகப்பை என்று சில மாதம் நடத்திப் பார்த்தோம். ஒரே வீட்டில் இரு அடுக்களை நடத்த, அலுவலகத்துக்கும் ஓடவேண்டிய என் மகளால் இயலவில்லை. அதனிலும் பெரிது, தன் தட்டு மட்டும் வேறாயிருப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தமை. ஒருநாள் மருமகனார் வீட்டிலிருந்த கோதுமை மா முழுவதையும் அயலாருக்குக் கொடுத்துவிட்டார். அன்று தொட்டு எல்லார்க்கும் ஒரே பிட்டு: சிவப்பரிசிப் பிட்டு, குரக்கன் பிட்டு, ஒடியற் பிட்டு. பாணுக்கு ஏங்கியவன் வீட்டில் நான் ஒருவனே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரிசி, குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம், உழுந்து, பயறு, ஒடியல் ஆகிய எதிலும் இப்புரதம் இல்லை. மேல்நாட்டு நோயாளர் பெரும்பணங் கொடுத்து வாங்குவது நம் தோட்டத்திலும் வயலிலும் விளைகிறது. அவ்வாறாயின் குறை எங்கே? வயலுக்கும் அடுப்புக்கும் இடையிலே!

கடைகளில் விற்கும் அரிசிமாப் பொதியை எடுத்துக்கொள்வோம். அரிசிமாவும் அவித்த கோதுமை மாவும் ஒரே மேசையில், ஒரே அரிதட்டால் அரித்துப் பொதி செய்யப்படும் இடங்கள் பல. ஊர் ஆலையில் அரிசிக்கு முன் அரைபட்டது கோதுமையும் பார்லியும் கலந்த சத்துமா. ஆலைக்காரர் என்ன செய்வார்? வரிசையில் நிற்பவர் பலர், யந்திரம் ஒன்று. நாங்கள் கிரைண்டர் ஒன்று வாங்கி ஞாயிறுதோறும் வீட்டிலேயே அரைக்கிறோம். கூலிவேலைக்குப் போகும் தாய் எதனை வாங்குவாள்?

பொதியின்மேல் எழுதியிருப்பதைப் பார்க்கலாமே என்பீர். பார்த்தோம். உட்பொருட்களின் பட்டியலைத் தமிழிற் காணாத பொதிகளை எண்ணி மாளாது. ஆங்கிலத்திற் பொடியெழுத்தில் இருக்கும். சிலவற்றிற் சிங்களத்தில் இருக்கும். 1987 இல் அரசியல் யாப்பின் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை கண்டால் நாம் பொங்குகிறோம், பொங்கவேண்டியதே. தன் பிள்ளை இதனை உண்ணலாமா கூடாதா என்பதைத் தாயொருத்தி தன் மொழியில் வாசித்தறிய இயலாதிருப்பது அதனினும் சிறிய அவமதிப்பா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இன் இறுதி தொடக்கம், குளூட்டன் உள்ள தானியத்தின் பெயரை உட்பொருட் பட்டியலிற் தனித்துத் தோன்றும் எழுத்தில் அச்சிடுதல் கட்டாயம். மாவுணவையே பெரிதும் விரும்பும் இத்தாலி, 2005 இன் சட்டமொன்றினால் இந்நோயை அங்கீகரித்து, நோயாளரின் உணவுச் செலவுக்கு மாதந்தோறும் அரச உதவி வழங்குகிறது. நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் நாம் மாதப்படி கேட்கவில்லை. மூன்று மொழிகளிலும் ஒரே அளவு எழுத்திற் கோதுமை, பார்லி என்னும் சொற்கள் பொதியின்மேல் இருத்தல் வேண்டும். இதற்கான இரத்தச் சோதனை மாவட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் ஏழைக்கும் எட்டுதல் வேண்டும். இவற்றுக்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டியதில்லை.

ஆலையைப் பொறுத்தமட்டில் அரசை எதிர்பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. காலபோக அறுவடை முடிந்து நெல் குவியும்போது விலை விழுகிறது. கிளிநொச்சியிலிருந்து நெல்லாக வெளியேறுவது அரிசியாகத் திரும்பி வருகிறது. இக்கதையைக் கமக்கார வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்றாயினும், அரிசியும் குரக்கனும் ஒடியலும் அன்றி வேறெதுவும் உள்நுழையாத ஆலையொன்றை வைத்தால் என்ன? பொதியின்மேல் ‘குளூட்டன் அற்றது’ என்று எழுதுவதற்குரிய அனைத்துலக அளவு கிலோவொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாமை. கோதுமை வாசலைக் கடவாத ஆலையில், மூட்டையும் லொறியும் துப்புரவாயிருந்து, மாதிரிகளும் காலந்தோறும் சோதிக்கப்பட்டால் அவ்வளவு எட்டத்தக்கதே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நம்மவரும் அவ்வாறான மாவையே தேடி வாங்குவர். 2022 இல் டொலர் தட்டுப்பாடும் உக்ரேன் போரும் சேர்ந்து கோதுமை மாவின் விலையை ஏற்றியபோது, அரிசிமாவை நாடி ஓடியோர் நோயாளர் மட்டுமல்லர் என்பதையும் சங்கத்தார் நினைவுகூர்வாராக.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உரியது. கோதுமை எல்லார்க்கும் நஞ்சென்று நாம் கூறவரவில்லை. பணமுள்ளோர் சிலர் நாகரிகமாகக் கைக்கொள்ளும் விலக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. தீராத வயிற்றோட்டமோ, குளிசைக்கு மாறாத இரத்தச்சோகையோ உள்ளவர் தாமாகக் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தியபின் செய்யும் இரத்தச் சோதனையும் குடற்சோதனையும் நோயை மறைத்துவிடக்கூடும். முதலில் வைத்தியரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேர்த்தி இவ்வாண்டில் மூன்று அங்குலம் வளர்ந்திருக்கிறாள். பணியாரம் நீட்டிய ஆச்சி, அடுத்த ஆவணிக்கு அரிசிமாவிற் செய்து தருவதாகச் சொல்லி, மாவை எங்கே வாங்குவதென்று எம்மையே கேட்கிறார். எமது சங்கத்தின் பொதுக்கூட்டம் வரும் மாதம் நடைபெறவுள்ளது. ஆலை பற்றிய பிரேரணையை எழுதிவைத்துள்ளேன். முன்மொழிய நான் ஆயத்தம். ஆமோதிப்பதற்குக் கமக்காரர் ஒருவர் வேண்டும்.