அபாஸ்ட்ரஃபியும் ஆறாம் வேற்றுமையும்

மதுரையை அடுத்த கப்பலூர், ஆலையும் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர். ‘தொழிலாளர் சங்கம்’ என்ற சொல் அங்கே எவருக்கும் புதிதன்று. அதை ஆங்கிலத்தில் ‘ஒர்க்கர்ஸ் யூனியன்’ என்று எழுதும்போதுதான் படித்தவர்களும் தயங்குகிறார்கள். உடைமையைக் காட்டும் அபாஸ்ட்ரஃபி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னே வருமா, பின்னே வருமா? இரண்டுக்கும் ஒலி ஒன்றே, செவி உதவாது.

நம் பள்ளிகளில் இதை மனப்பாட விதியாகவே கற்பிக்கிறோம். விடையோ மாணவன் ஏற்கெனவே அறிந்த ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. ஒருவர் என்றால் ‘தொழிலாளியின்’. பலர் என்றால் ‘தொழிலாளர்களின்’. தமிழில் முதலில் எண், அதன்பின் கிழமை. ‘கள்’ முடிந்த பிறகே ‘இன்’ வருகிறது. ஆங்கிலமும் இதே வரிசையில்தான் நடக்கிறது. உடையவரைக் குறிக்கும் பெயர் முடியும் இடத்தில் குறி. ‘ஒர்க்கர்’ ஒருவரானால் ‘எஸ்’ஸுக்கு முன், ‘ஒர்க்கர்ஸ்’ பலரானால் அதற்குப் பின். ‘சில்ரன்’ தானே பன்மையாதலால் குறி உடனே அமர்ந்து ‘எஸ்’ பின்தொடர்கிறது.

இக்குறி முதலில் விழுந்த எழுத்தின் அடையாளமாகவே ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்களின் உடைமை விகுதியிலிருந்த உயிரெழுத்து பின்னாளில் மறைந்தது. அவ்விடத்தைக் குறி காக்கிறது. தமிழிலும் உருபு மறையும். ஆனால் நாம் தடயம் வைப்பதில்லை. அதையே வேற்றுமைத் தொகை என்கிறோம். ‘தொழிலாளர் சங்கம்’ என்பது தொழிலாளரது சங்கமா, தொழிலாளருக்கான சங்கமா? விரிக்கும்போதுதான் சங்கம் யாருடையது என்ற கேள்வியே எழுகிறது. அபாஸ்ட்ரஃபி கேட்பதும் அதே கேள்விதான்.

இக்குறியே வேண்டாம் என்பாரும் உண்டு. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை 2012இல் தன் பெயரிலிருந்து அதை நீக்கியது. கடைக்கு அந்த உரிமை உண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் கிராமத்து இளைஞனுக்கு அது இல்லை. அவன் விட்ட குறியை எவரும் புதுமை என்று கொள்ளமாட்டார்கள். அறியாமை என்றே கொள்வார்கள்.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே பொருளை நடத்துகிறார்கள். இடையே ஒரு சுவர். மாணவன் ஆறாம் வேற்றுமையை மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்கிறான். அபாஸ்ட்ரஃபியைப் பிறர் வீட்டு மர்மமாக எண்ணி அஞ்சுகிறான். தாய்மொழி இலக்கணம் பிறமொழிக்குத் தடையன்று, அதற்கான திறவுகோல். அத்திறவுகோல் தன்னிடமே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்வதே ஆசிரியரின் முதற்கடமை என்பேன்.