அறிவியலை எடுத்துரைக்கும் பணி

தமிழ் பயின்றோர்க்கு ஆசிரியப் பணியன்றி வேறு வழியில்லை என்றும், அறிவியல் பயின்றோர்க்குத் தமிழால் பயனில்லை என்றும் கருதுவோர் நம்மிடையே பலர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பிறர்க்கு விளங்க எடுத்துரைத்தல் இன்று தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. அதற்கு இவ்விரு திறத்தாரும் தேவைப்படுகின்றனர்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நாம் மறத்தற்கில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று, தாமிரபரணி கரைபுரண்டோடியது. அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கனஅடி நீர் திறக்கப்படுகிறது என அறிவிப்பது வழக்கம். நொடிக்கு ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். ஆயின் ஆற்றங்கரையில் வாழும் தாய்க்கு வேண்டிய செய்தி அதுவன்று. வெள்ளம் எப்போது தம் தெருவை அடையும், எதுவரை ஏறும் என்பதே அவர் அறிய விரும்புவது. எண்ணை அச்செய்தியாக மாற்ற நீரியல் அறிவும் வேண்டும். நல்ல தமிழும் வேண்டும்.

இப்பணிக்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புசுவாமி, வழக்கறிஞராயிருந்தும் வாழ்நாளெல்லாம் அறிவியலைத் தமிழில் எழுதினார். 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய மணவை முஸ்தபா, கணினிக்கும் மருத்துவத்துக்கும் கலைச்சொல் அகராதிகள் தந்தார். அன்று தனிமனிதர் ஆர்வத்தால் நடந்த பணி, இன்று ஊதியம் தரும் தொழில்.

மென்பொருள் நிறுவனங்கள் கையேடு எழுதுவோரை நாடுகின்றன. அங்கு ஆங்கிலப் புலமை இன்றியமையாதது. மருந்துக் குறிப்புகளையும் கைப்பேசிச் செயலிகளையும் தமிழாக்குவோர் தேவை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழி கற்பிக்கத் தொடங்கியது. அத்தகைய கல்விக்குப் பாடநூல் எழுதுவோர் வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவுகள் உழவரைச் சேரவும், கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி மக்கள் எழுப்பும் ஐயங்களுக்குத் தெளிவான விடை கிடைக்கவும் எழுத வல்லோர் தேவை. இதழ்களும் வானொலியும் தொலைக்காட்சியும் வேறு உள்ளன.

கணினியே மொழிபெயர்த்துவிடுமே என்பார் உளர். மருந்தின் அளவு ஓரிடத்தில் பிறழ்ந்தால் பொறுப்பேற்பது கணினியன்று. பிழை கண்டு திருத்தும் அறிவுடையார்க்கு இனித் தேவை மிகுமேயன்றிக் குறையாது.

ஆகவே கல்லூரிகளில் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் இணைந்து இதற்கெனச் சான்றிதழ்ப் படிப்பொன்றைத் தொடங்க வேண்டும் என்பது நம் விழைவு. அதுவரை மாணவர் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு மருந்துத் தாளையோ வானிலை அறிவிப்பையோ எளிய தமிழில் எழுதி, வீட்டிலுள்ள பெரியோரிடம் படித்துக் காட்டுக. அவர் விளங்கவில்லை என்னும் இடத்தைத் திருத்தி எழுதுக. இத்தொழிலின் முதற்பாடம் அதுவே.