எழுதுவதை இனியும் தள்ளிப்போட வேண்டாம்

"எழுதணும் தோழர், நேரம்தான் கிடைக்கல." களத்தில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. பகலில் மனு, காவல் நிலையம், மருத்துவமனை. இரவில் அடுத்த ஊர்க் கூட்டத்துக்கான வேலை. நேரமில்லை என்பது பொய்யல்ல. ஆனால் முகநூலில் நள்ளிரவு வரை விவாதம் செய்ய நமக்கு நேரம் இருக்கிறதே!

உண்மையில் நம்மைத் தடுப்பது தயக்கம். ஒற்றுப்பிழை வந்தால் சிரிப்பார்களோ, இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு எழுதலாமோ என்ற தயக்கம். இதைத் தனிமனிதச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று வகுப்பறையில் திருத்தியபோதே இது விதைக்கப்பட்டது. எழுதும் தகுதி வேறு யாரிடமோ இருக்கிறது என்று நம்ப வைக்கப்பட்டோம். பாமா அதை நம்பவில்லை. 1992இல் வெளிவந்த 'கருக்கு' நூலைத் தன் மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதினார்.

நம் முன்னோடிகளும் தகுதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே எடுத்து அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தபோது அயோத்திதாசப் பண்டிதருக்கு வயது 62. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. லண்டன் படிப்பு அப்போது முடிந்திருக்கவில்லை. வயதும் பட்டமும் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

நாம் எழுதாமல் விட்டால் அந்தப் பக்கம் காலியாக இருக்கப்போவதில்லை. வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். சேரிக்குள் புகுந்து அடித்தது மறுநாள் செய்தித்தாளில் "இரு தரப்பினர் மோதல்" ஆகிவிடும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைக் கூலித் தகராறாக மட்டுமே எழுதியவர்கள் உண்டு. அந்த எழுத்தில் சாதி காணாமல் போனது. சமூகவியல் வகுப்பில் நாம் படித்த ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சைக் கிராம ஆய்வு 1965இல் வெளிவந்த முக்கியமான நூல்தான். ஆனால் அவர் தங்கியிருந்தது அக்ரஹாரத்தில். அதே ஊரைச் சேரியிலிருந்து பார்த்து எழுதியிருந்தால் அந்த நூல் எப்படி இருந்திருக்கும்? அதை நாம்தான் எழுத வேண்டும்.

எங்கே தொடங்குவது? கட்டுரையாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், மனுவை யாரிடம் கொடுத்தோம், ரசீது தந்தார்களா என்று அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நாள் தவறியதைத் தட்டிக்கேட்க, நம்மிடம் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்வியில் குழப்பிவிடுவார்.

வெளியே பகிரும்போது மட்டும் கவனம் தேவை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர் கதையை எழுதக் கூடாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். நாம் எழுதி முடித்த பிறகும் அவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் விடுதிச் சாப்பாடு, தாமதமாக வரும் உதவித்தொகை, நேர்முகத் தேர்வில் சுற்றி வளைத்துச் சாதி கேட்ட கேள்வி, இவையெல்லாம் எழுத வேண்டிய விஷயங்களே. பெரிய கொடுமை நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நடை, இலக்கணம் எல்லாம் எழுத எழுத வரும். பிழை இருந்தால் தோழர் ஒருவர் திருத்தித் தருவார். எழுதாத பக்கத்தை யாரும் திருத்தித் தர முடியாது.

இன்றிரவு படுப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே தேதி போட மறக்காதீர்கள்.

ஜெய்பீம்!